பழைய ஜீவனாம்சத்தை உயர்த்தக் கேட்டு மனு போடுபவர்களுக்கு, வேலூரிலிருந்து

பழைய உத்தரவின் நகலை வாங்குவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது. தொகையை உயர்த்தக் கேட்கும் மனுவோடு முந்தைய உத்தரவின் சான்றிட்ட நகலை வைக்க வேண்டும். வெறும் ஜெராக்ஸை நம்பிப் போகாதீர்கள். நகல் கேட்கப் போன இடத்தில் (எந்த அலுவலகம் என்பது வேண்டாம்) முதலில் "காப்பி ஸ்டாம்ப் வாங்கிட்டு வாங்கம்மா" என்றார்கள். வாங்கிக்கொண்டு போனால் "கேஸ் நம்பர் மட்டும் போதாது, தீர்ப்புத் தேதி வேணும், ரெக்கார்டு ரூமுக்குப் போயிடுச்சு" என்றார்கள்.

தேதிக்கு வழி இருக்கிறது. இ-கோர்ட்ஸ் செயலியில் பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடினால் சி.என்.ஆர். எண் (வழக்கின் தனி அடையாள எண்), முடிந்த தேதி எல்லாம் வரும். ஸ்டாம்ப் விஷயம்தான் எரிச்சல். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் வாங்கிய ஜீவனாம்ச உத்தரவு என்றால், யாருக்குச் சாதகமாக உத்தரவோ அவருக்கு நகல் இலவசம். அதே சட்டத்தின் 128-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் அது 147. இதைத் தாங்களாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நகல் மனுவின் தலைப்பிலேயே அந்தப் பிரிவை எழுதி நீட்டினோம், ஸ்டாம்ப் பேச்சே எழவில்லை.

அடுத்த அடி, பிரிவு எண் பழையது என்று மனு ரிட்டர்ன் ஆனது. 2024 ஜூலை 1 முதல் 125 என்பது 144 ஆகிவிட்டது. தொகையை மாற்றக் கேட்கும் 127 இப்போது 146. டைப்பிஸ்ட்டுகள் பழைய மாதிரி மனுவிலேயே பெயரை மட்டும் மாற்றி அடிக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் பிரிவு எண்ணை நீங்களே பாருங்கள். அதைவிட முக்கியம், பழைய உத்தரவு எந்தச் சட்டத்தில் வந்தது என்பது. விவாகரத்துத் தீர்ப்போடு இந்து திருமணச் சட்டம் 25-இல் வந்த நிரந்தர ஜீவனாம்சம் என்றால் 146-இல் போகக் கூடாது. அதே சட்டத்தின் 25(2)-இல், உத்தரவு போட்ட நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானதால் ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் "எங்களுக்கு இப்போ எந்தக் கோர்ட்?" என்று குழம்புகிறார்கள். பழைய உத்தரவின் முதல் பக்கத்தில் எந்த நீதிமன்றத்தின் பெயர் இருக்கிறதோ, விசாரிப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.

விலைவாசி ஏறிவிட்டது என்று ஒரு வரி எழுதினால் வேலைக்கு ஆகாது. உத்தரவு வந்த நாளுக்குப் பிறகு என்ன மாறியது என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார். பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து கல்லூரிக்குப் போயிருந்தால் கட்டண ரசீது, வாடகை ஏறியிருந்தால் ஒப்பந்தம், வைத்தியம் என்றால் ஆஸ்பத்திரி பில். அன்றைய தொகை, இன்றைய தொகை என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரே தாளில் கொடுத்தது எங்களுக்கு நன்றாகவே எடுபட்டது.

எதிர்த்தரப்பின் வருமானம்தான் பெரிய தலைவலி. ஷூ கம்பெனியிலும் தோல் ஷாப்பிலும் பீஸ் ரேட் (செய்த எண்ணிக்கைக்குக் கூலி), பாதி சம்பளம் கையில் ரொக்கம். ஆர்.டி.ஐ. போட்டால் தனிப்பட்ட தகவல் என்று தள்ளிவிடுவார்கள், அதில் மாதங்களை வீணாக்காதீர்கள். சம்பளச் சான்று, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுகளைத் தாக்கல் செய்ய முதலாளிக்கு உத்தரவிடும்படி நீதிமன்றத்திலேயே தனி மனு போடுங்கள். சொத்து இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். எங்களுக்கு ஒரு வாடகைக் கட்டடம் அப்படித்தான் சிக்கியது.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இருதரப்பும் சொத்து, கடன், வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். விவசாயிக்குத் தனிப் படிவம். எதிர்த்தரப்புக்கு நான்கு வாரம்; பத்திரம் தர இரண்டு வாய்ப்புக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. மூன்றாவது வாய்தா கேட்டபோது எங்கள் வக்கீல் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினார். அடுத்த முறையே பத்திரம் வந்து சேர்ந்தது. அதில் வீட்டுக் கடன், பைக் கடன் தவணைகளையெல்லாம் கழித்துக் காட்டியிருந்தார்கள். தானாக வாங்கிய கடனுக்குக் கட்டும் தவணையைக் கழித்துக்கொண்டு வருமானம் குறைவு என்பதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அதை வாதத்தில் மறக்காமல் சொல்லுங்கள்.

சம்பளத்தில் கால் பங்கு கட்டாயம் கிடைக்கும் என்று கோர்ட் வாசல் டீக்கடையில் சொல்வார்கள். 2017-இல் கல்யாண் டே சௌத்ரி வழக்கில் 25 சதவீதம் நியாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அதே வழக்கில்தான், கணவர் மறுமணம் செய்து குழந்தையும் பிறந்ததைக் கணக்கில் எடுத்து, உயர் நீதிமன்றம் கொடுத்த 23,000 ரூபாயை 20,000 ஆகக் குறைத்தார்கள். மாற்றம் இரண்டு பக்கமும் வெட்டும். மனைவி மறுமணம் செய்தால் அவருக்கான தொகை ரத்தாகலாம்.

பரஸ்பர சம்மதத்தில் மொத்தத் தொகை வாங்கி "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தவர்கள் தங்களுக்காக மறுபடி கேட்பது கடினம். பிள்ளையின் உரிமை அதில் அடைபடாது. மகளுக்கு 18 முடிந்துவிட்டதா? 1956-இன் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 20(3)-இல் திருமணம் ஆகும்வரை தனியாகக் கேட்கலாம். பழைய மனுவோடு ஒட்டவைக்க முயன்றால் நேரம்தான் போகும்.

உயர்வு கிடைத்தது. வசூல் வேறு கதை. 144-இல் வந்த உத்தரவுக்கு, ஒவ்வொரு மாதத் தொகையும் நிலுவையான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வாரண்ட் மனு போட வேண்டும். "கொடுத்துடுறேன், கொஞ்சம் பொறு" என்ற பேச்சை நம்பிக் காத்திருந்தால் பழைய மாதங்களை இந்த வழியில் பிடிக்க முடியாது. பணம் தராதவர் ஜெயிலுக்குப் போனாலும் நிலுவை தீராது, 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்து திருமணச் சட்டம் 25-இன் கீழ் வந்த உத்தரவு என்றால் நிறைவேற்று மனு, 12 ஆண்டு அவகாசம். ஜீவனாம்சத் தீர்ப்புக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஜப்தியிலிருந்து தப்பும். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போகும் எங்கள் கம்மவான்பேட்டைப் பக்கம் போல, அவர் ராணுவத்தில் இருப்பவர் என்றால், 1950 ராணுவச் சட்டம் 90 (அதிகாரிகளுக்கு) அல்லது 91-இன் (மற்ற வீரர்களுக்கு) கீழ் அவருடைய கமாண்டிங் ஆபீசருக்கும் மனு அனுப்பலாம்.

உத்தரவு வரும் முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் உயரும் என்ற வரி. 2025-இல் ராக்கி சாதுகான் வழக்கில் உச்ச நீதிமன்றமே மாதம் 50,000 ரூபாயோடு அப்படிப் போட்டது. வேண்டுகோள் பத்தியிலேயே இதைச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி உத்தரவில் ஏறிவிட்டால் நகல் பிரிவு ஜன்னலில் இன்னொரு முறை நிற்க வேண்டியிருக்காது. வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஆதாரும் பழைய உத்தரவும் கையில் இருக்கட்டும்.