பதிவில் கணீர், அழைப்பில் முணுமுணுப்பு: லினக்ஸ் மடிக்கணினியின் மைக்கைச் சரிசெய்த அனுபவம்

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே பி.காம். மாணவர்களுக்கு இணையவழியில் கணக்குப்பதிவியல் வகுப்பு எடுத்துவருகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளத்தை நிறுவி, வகுப்பை அதற்கு மாற்றியதிலிருந்து அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் என்று எந்த ஊர்ப் பிள்ளையைக் கேட்டாலும் ஒரே புகாராக இருந்தது. குரல் விட்டுவிட்டு வரவில்லை, படமும் உறையவில்லை, ஆனால் சத்தம் மட்டும் மிகவும் குறைவு. "சார், நீங்க பேசுதது கிணத்துக்குள்ள இருந்து கேக்க மாதிரி இருக்கு" என்றான் ஒரு பையன். ஐந்தொகையின் இரு பக்கங்களும் ஏன் சமமாக வரவேண்டும் என்பதைத் தொண்டை வறளக் கத்திச் சொல்வது யாருக்கும் சரிப்படாது.

இதில் என்னை யோசிக்கவைத்த செய்தி ஒன்று உண்டு. அதே மைக்கில், அதே தூரத்தில் அமர்ந்து, என் குரலைக் கணினியிலேயே பதிவுசெய்து ஹெட்போனில் கேட்டால் கணீரென்று இருந்தது. வண்ணார்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டபோது, "மைக் செத்திருக்கும் அண்ணாச்சி. யூஎஸ்பி மைக் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு வேலையப் பாருங்க" என்றார். "செத்த மைக்கு பதிவுல மட்டும் எப்படி தம்பி பேசுது?" என்று கேட்டேன், அவரிடம் பதில் இல்லை. யூஎஸ்பி மைக்குக்குள் தனக்கென்று ஒரு சிறிய ஒலிச் சுற்று இருப்பதால் அது இந்தச் சிக்கலையே சுற்றிக்கொண்டு போய்விடும் என்பது உண்மைதான், அவசரத்துக்கு அது நல்ல வழியும்கூட. ஆனால் பதிவில் நன்றாகக் கேட்கும் குரல் அழைப்பில் எங்கே தொலைகிறது என்று தெரியாமல் பணத்தை இறக்க எனக்கு மனம் வரவில்லை.

லினக்ஸில் மைக்கின் ஒலி ஒரே இடத்தில் கட்டுப்படுத்தப்படுவதில்லை. அடியில், இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலோடு சேர்ந்து அல்சா என்ற அடுக்கு வன்பொருளை இயக்குகிறது. அதன் மேல், ஒலியைச் செயலிகளுக்குப் பங்கிடும் மென்பொருளாக முன்பு பல்ஸ்ஆடியோ இருந்தது, இப்போது மின்ட் போன்ற பல லினக்ஸ் விநியோகங்களில் பைப்வயர் இருக்கிறது. மின்ட்டும் 2024-இல் வந்த 22-ஆம் பதிப்பில் பைப்வயருக்கு மாறிவிட்டது. அதற்கும் மேலே, அழைப்பை நடத்தும் பிரௌசர் தன் பங்குக்கு ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது. ஆகவே டெஸ்க்டாப்பின் ஒலி அமைப்பில் மைக் நூறு விழுக்காடு என்று காட்டுவதை வைத்து எல்லா அடுக்குகளும் சரியாக இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் அடியிலிருந்து மேலே போனேன்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து அல்சாமிக்சர் என்று கட்டளையிட்டால், முதலில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரே ஒரு கட்டையை மட்டும் காட்டும் திரை வரும். அது பைப்வயரின் முகம்தான், வன்பொருளின் முகம் அல்ல. எஃப்6 விசையை அழுத்திப் பட்டியலிலிருந்து உண்மையான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னர் எஃப்4 அழுத்தினால் பதிவு சார்ந்த கட்டைகள் மட்டும் வரும். அவற்றில் கேப்சர் என்ற கட்டையின் கீழ் அதே சொல் சிவப்பில் தெரிந்தால் அது இயங்குகிறது என்று பொருள். தெரியாவிட்டால் ஸ்பேஸ் விசையைத் தட்ட வேண்டும். பக்கத்தில் இன்டர்னல் மைக் பூஸ்ட் என்று இன்னொரு கட்டை இருந்தது. அது மற்றவற்றைப் போல வழுக்கிக்கொண்டு ஏறாமல் 0, 33, 67, 100 என்று தாவியது. ஒவ்வொரு தாவலும் 10 டெசிபல். ஆக உச்சியில் 30 டெசிபல், அதாவது மைக்கிலிருந்து வரும் அலையின் வீச்சைச் சுமார் 32 மடங்கு பெருக்குவது.

பலருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும். பூஸ்ட் பூஜ்யத்தில் கிடப்பது குறைந்த சத்தத்துக்குப் பொதுவான காரணங்களில் ஒன்று. என் கணினியில் அது ஏற்கெனவே 33-இல் இருந்தது. உச்சிக்கு ஏற்றிப் பார்த்தேன். அழைப்பில் குரல் சற்றே உயர்ந்தது. ஆனால் அதைவிட அதிகமாக மின்விசிறியின் இரைச்சலும், ஜன்னல் கதவை உலுக்கும் ஆடிக் காற்றும் உயர்ந்தன. நெல்லையில் விசிறியை நிறுத்திவிட்டு வகுப்பெடுப்பது நடக்கிற காரியமல்ல. பதிவிலோ என் குரல் உச்சத்தில் முட்டி உடைந்து கரகரத்தது. மைக்கிடமிருந்து போதிய ஒலி வருகிறது, அது வழியில்தான் குறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை என்று கருதி, பூஸ்டைப் பழையபடி 33-க்கே இறக்கினேன்.

அடுத்தது பாவுகண்ட்ரோல். பல்ஸ்ஆடியோவுக்காக எழுதப்பட்ட இந்தச் சிறு மென்பொருள் பைப்வயரோடும் நன்றாகவே வேலை செய்கிறது. இல்லாவிட்டால் தனியாக நிறுவிக்கொள்ளலாம். இதன் இன்புட் டிவைசஸ் பக்கத்தில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்பதையும், ரெக்கார்டிங் பக்கத்தில் எந்தச் செயலி எந்த மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்கலாம். அந்த ரெக்கார்டிங் பக்கம், ஏதேனும் ஒரு செயலி மைக்கைப் பயன்படுத்தும்போது மட்டுமே நிரம்பும். ஆகவே அழைப்பில் இருந்துகொண்டுதான் அதைத் திறக்க வேண்டும்.

ஒரு மாணவரை அழைப்பில் வைத்துக்கொண்டு இன்புட் டிவைசஸ் பக்கத்தைப் பார்த்தபடியே பேசினேன். நான் தொடாமலேயே ஒலியளவுக் கட்டை மெல்ல மெல்ல வலப்பக்கம் ஊர்ந்தது. பேசப் பேச ஏறியது; உச்சி வரை போய் நின்றது. இது பேய் வேலை அல்ல. பிரௌசருக்குள் இருக்கும் தானியங்கி ஒலிச்சீர்மை என்ற அம்சம், தன் காதுக்கு வரும் குரல் தாழ்ந்திருந்தால் மைக்கின் அளவைத் தானே உயர்த்தும், உரத்திருந்தால் தானே குறைக்கும். சத்தம் குறைவு என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இந்த அம்சம் கட்டையைக் கீழே இழுத்துவிடுவதுதான் தொல்லை. எனக்கு நேர்மாறாக அது மேலே தள்ளிக்கொண்டிருந்தது. ஆக, பிரௌசர் என் குரலைக் குறைக்கவில்லை. அதன் கைக்கு வரும்போதே குரல் தாழ்ந்துதான் வருகிறது. வன்பொருளில் போதிய ஒலி இருக்கிறது, பிரௌசரின் வாசலில் இல்லை. இடையில் நடப்பது என்ன என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

பதிவுக்கும் அழைப்புக்கும் உள்ள வேறுபாடுகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நான் எடுத்த பதிவு ஸ்டீரியோ, இடது வலது என்று இரண்டு தடங்கள் கொண்டது. அழைப்பிலோ குரல் பெரும்பாலும் மோனோவாக, ஒரே தடமாகவே போகும். இரண்டு தடங்களை ஒன்றாக்க வேண்டுமானால் பைப்வயர் அவற்றைக் கூட்டிச் சராசரி எடுக்கிறது. இதைச் சோதிக்க அழைப்பே வேண்டியதில்லை. ஏரெக்கார்ட் என்ற கட்டளையில் தடங்களின் எண்ணிக்கையை இரண்டு என்று குறிப்பிட்டுச் சில நொடிகள் பேசிப் பதிந்தேன். பிறகு அதே சொற்களை அதே குரலில், தடம் ஒன்று என்று குறிப்பிட்டுப் பதிந்தேன். முதலாவது கணீரென்று ஒலித்தது. இரண்டாவதில் மாணவர்கள் கேட்ட அதே முணுமுணுப்பு.

ஸ்டீரியோ பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, அலை கோடாகத் தெரியும் வரை பெரிதாக்கினேன். மேல் தடத்தில் கோடு மேடேறும் ஒவ்வொரு இடத்திலும் கீழ்த் தடத்தில் அதே அளவு பள்ளம் இருந்தது. மேலே பள்ளமென்றால் கீழே மேடு. இரண்டும் ஒரே குரல், ஆனால் ஒன்று மற்றதன் தலைகீழ்ப் பிரதி. ஹெட்போனில் ஒவ்வொரு காதும் தன் தடத்தை மட்டும் கேட்பதால் குறை தெரியவில்லை. கூர்ந்து கேட்டால் குரல் நடுவில் நிலைகொள்ளாமல் இரு பக்கமும் சிதறினாற்போல் இருக்கிறது என்பது மட்டும்தான். இரண்டையும் கூட்டும்போதோ, கூட்டலும் கழித்தலும் நேர்செய்து ஏறக்குறைய பூஜ்யம். இரு தடங்களும் இம்மி பிசகாமல் ஒத்திருக்காததால் எஞ்சும் துணுக்குதான் என் மாணவர்களின் காதில் விழுந்தது. கணக்கு வாத்தியாருக்கு இப்படி ஒரு பற்றுவரவு வாய்த்ததை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

இது என் கணினிக்கு மட்டும் வந்த விசித்திரம் அல்ல. சில மடிக்கணினிகளின் உள்ளமை டிஜிட்டல் மைக் வலது தடத்தைத் தலைகீழாகவே அனுப்புகிறது. லினக்ஸ் கெர்னலில் ஒலி வன்பொருளை இயக்கும் நிரலான ஒலி இயக்கியில் இத்தகைய மாடல்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இடம்பெற்ற கணினியாக இருந்தால் அல்சாமிக்சரிலேயே இன்வர்டட் இன்டர்னல் மைக் என்ற சொடுக்கி தோன்றும், அதை அணைத்தால் வலது தடம் ஊமையாகி மோனோ ஒலி சரியாகிவிடும். என் கணினியில் அந்தச் சொடுக்கி இல்லை. ரியல்டெக் நிறுவனத்தின் ஒலிச் சில்லு உள்ள கணினிகளில், ஒலி இயக்கியின் மாடல் விருப்பமாக இன்வ்-டிமிக் என்று கொடுத்து அதை வரவழைக்கும் வழியும் உண்டு. வகுப்பு நடத்தும் கணினியில் கெர்னல் இயக்கியின் விருப்பங்களில் கைவைக்க எனக்குத் தயக்கம். அதைவிட எளிய வழிகள் மேலடுக்கிலேயே இருந்தன.

முதல் வழி பாவுகண்ட்ரோலில் இருக்கிறது. மைக்கின் பெயருக்கு எதிரே பூட்டுப் படம் போட்ட சிறு பொத்தான் ஒன்று உண்டு. அதைச் சொடுக்கினால் இடது, வலது கட்டைகள் தனித்தனியே பிரிந்து நகரும். வலதை முழுவதும் பூஜ்யத்துக்கு இறக்கினேன். மோனோ பதிவு உடனே தெளிந்தது, மாணவர்களும் நன்றாகக் கேட்பதாகச் சொன்னார்கள். ஆனால் வகுப்பின் நடுவே குரல் மறுபடி அமுங்கியது. பிரௌசரின் தானியங்கிச் சீர்மை மைக்கின் அளவை மாற்றும்போது இரு தடங்களுக்கும் ஒரே எண்ணை எழுதிவிடுகிறது. நான் இறக்கி வைத்த வலது கட்டை இடதோடு சேர்ந்து மீண்டும் ஏறியிருந்தது. அழைப்புச் செயலியின் ஒலி அமைப்பில் மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் விருப்பம் இருந்தால் அதை அணைத்துவிட்டு இந்த வழியிலேயே காலத்தை ஓட்டலாம். நான் பயன்படுத்துவதில் அந்த விருப்பம் இல்லை. இந்த வழியில் இன்னொரு சிறு குறையும் உண்டு: இடது தடத்தைப் பூஜ்யத்தோடு சேர்த்துச் சராசரி எடுப்பதால் வீச்சு பாதியாகிவிடும், அதாவது 6 டெசிபல் நட்டம்.

நிலைத்த தீர்வு, இடது தடத்தை மட்டும் எடுத்து மோனோவாக நீட்டும் ஒரு மெய்நிகர் மைக்கை உருவாக்குவது. பாக்டிஎல் என்ற கட்டளையைக் கொண்டு முதலில் ஒலி மூலங்களின் பட்டியலைப் பெற வேண்டும். அதில் மானிட்டர் என்று முடியும் பெயர்கள் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின் நகல்கள். அவற்றை விட்டுவிட வேண்டும். அல்சா இன்புட் என்று தொடங்கி அனலாக் ஸ்டீரியோ என்று முடியும் நீண்ட பெயர்தான் என் கணினியில் உள்ளமை மைக். பின்னர் அதே கட்டளையால் மாட்யூல்-ரீமேப்-சோர்ஸ் என்ற கூறினை ஏற்றி, மாஸ்டர் என்பதற்கு அந்த நீண்ட பெயரையும், மாஸ்டர் சேனல் மேப் என்பதற்கு ஃப்ரன்ட்-லெஃப்ட் என்பதையும், சேனல் மேப் என்பதற்கு மோனோ என்பதையும் கொடுத்தேன். நீண்ட பெயரைக் கையால் அடிக்காமல் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுவது நல்லது. ஒரு புள்ளி பிசகினாலும் கூறு ஏறாது. கட்டளை வெற்றி பெற்றால் ஓர் எண்ணை மட்டும் அச்சிட்டுவிட்டு நின்றுவிடும்.

அவ்வளவில் புதிய மைக் ஒன்று பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. டெஸ்க்டாப்பின் ஒலி அமைப்பிலும், பிரௌசரில் அழைப்புக்கான மைக் தேர்விலும் அதையே தேர்ந்தெடுத்தேன். இதில் சராசரி எடுக்கும் வேலையே இல்லாததால் அந்த 6 டெசிபல் நட்டமும் இல்லை. தலைகீழ்த் தடம் கணக்கிலேயே வராததால் பிரௌசர் அளவை எப்படி மாற்றினாலும் குரல் கரைவதில்லை. அழைப்பில் இருந்தபடி மறுபடி கட்டையைக் கவனித்தேன். இம்முறை அது சற்று இறங்கி, நடுப்பகுதிக்கு மேல் ஓரிடத்தில் நிலைத்துவிட்டது. பூஸ்ட் அதே 33-இல் இருக்க, விசிறியின் இரைச்சலும் பேச்சுக்குக் கீழே தங்கிவிட்டது.

கணினியை மூடித் திறந்தால் இந்தக் கூறு மறைந்துவிடும். பைப்வயரின் அமைவுக் கோப்புகளில் எழுதி நிரந்தரமாக்கலாம் என்றாலும், மின்ட்டின் தொடக்கச் செயலிகள் பட்டியலில் அதே கட்டளையைச் சேர்த்து, சில நொடிகள் தாமதமும் கொடுப்பது எனக்கு எளிதாகப் பட்டது. தாமதம் கொடுக்காவிட்டால், பைப்வயர் மைக்கைக் கண்டுகொள்ளும் முன்பே கட்டளை ஓடித் தோற்றுப்போக இடமுண்டு. 3.5 மில்லிமீட்டர் துளையில் ஹெட்செட் செருகும்போது இதை மாற்ற வேண்டுமோ என்ற ஐயமும் இருந்தது. ஹெட்செட் மைக்கின் குரல் இரு தடங்களிலும் ஒரே மாதிரியாகவே வருகிறது, துளையும் அதே ஒலி மூலத்தின் கீழ்தான் இருக்கிறது. ஆகவே இடது தடத்தை மட்டும் எடுக்கும் அதே மெய்நிகர் மைக் அதற்கும் பொருந்திவிட்டது.