மழையை மன்னிக்கலாம், காற்றை முடியாது

இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட் எனப்படும் ஒடுக்கமான நீளப் படகில் குடியிருப்பவர்களைப் பார்த்து எல்லாரும் கேட்கும் கேள்வி, "மழை பெய்தா என்ன பண்ணுவீங்க?" ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுவார்கள், அவ்வளவுதான். மழையில் போட் நீங்கள் சொன்ன பக்கம்தான் போகும். காற்றில்தான் அதற்குச் சொந்த புத்தி வந்துவிடும்.

நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்திவிடும் கதவுத் தொட்டிதான் லாக். பழைய லாக்குகள் பலவற்றின் அகலம் ஏழடி. அதனால் போட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். நீளமோ 57 அடி, சிலது 70. தண்ணீருக்குள் இரண்டடிதான் இருக்கும், மேலே அதைப்போல இரண்டு மடங்கு இரும்புச் சுவர். ஆக, பதினைந்து டன்னுக்கு மேல் எடையுள்ள, காற்றைப் பிடிக்கும் கப்பல் பாய் ஒன்றை மணிக்கு நாலு மைல் வேகத்துக்குள் ஓட்டுகிறீர்கள். நிறுத்தியிருக்கும் போட்டுகளைத் தாண்டும்போது வேகத்தை இன்னும் குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் அவர்கள் கரையில் அடித்துக் கயிறு கட்டிய முளையே பிடுங்கிக்கொண்டு வரும். வேகம் குறைந்தால் சுக்கான் பிடிக்காது. காற்று காத்திருப்பதும் அந்த நிமிடத்துக்குத்தான்.

கரையோடு சேர்த்துக் காற்று அழுத்தும்போது, புதுசாக வந்தவர்கள் கம்பை ஊன்றி முன்பக்கத்தைத் தள்ளுவார்கள். தள்ளி முடித்துப் பின்னால் ஓடி சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரைப் பிடிப்பதற்குள் முன்பக்கம் மறுபடி கரையில் ஒட்டியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. வழி வேறு. முன்கயிற்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கரையில் கட்டிவிட்டு, மூக்குக்கும் கரைக்கும் நடுவே இடியைத் தாங்கும் ஒரு ஃபெண்டரைத் தொங்கவிட வேண்டும். டில்லரைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளி, மெதுவாக முன் கியர் போட்டால் பின்பக்கம் தானாக வெளியே வரும். பிறகு கயிற்றை உருவிக்கொண்டு ரிவர்ஸில் நடுக்கால்வாய்க்குப் போய்விடலாம். ரிவர்ஸில் சுக்கானை நம்பக் கூடாது, நேர்க்கோட்டில் வந்தாலே பாக்கியம். இதெல்லாம் வேண்டாம் என்கிறவர்கள் விடிகாலையில் கிளம்புவார்கள், அப்போது காற்று பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஊருக்குள் நுழைந்தால் அடுத்த எதிரி புரொப்பெல்லர். லண்டனில் இந்தியர்கள் நிறைய வாழும் சவுத்தால் பக்கம் கிராண்ட் யூனியன் கால்வாயில் பூஜைத் தேங்காய் மிதந்து வரும். அது 'டொக்' என்று முட்டிவிட்டுப் போய்விடும், தொந்தரவில்லை. துணிதான் ஆபத்து, சேலை என்றால் கேட்கவே வேண்டாம். எஞ்சின் திணறும், கரும்புகை வரும், போட் நகராது. எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட பிறகே புரொப்பெல்லருக்கு மேலே உள்ள வீட் ஹாட்ச் என்ற துவாரத்தின் மூடியைத் திறக்க வேண்டும். ரொட்டிக் கத்தி மாதிரி பல் வைத்த கத்தியோடு தோள்வரை கையை விட்டு, சுற்றியதைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தெடுக்க வேண்டும். ஜனவரித் தண்ணீரில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை விரல்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். இதைவிட முக்கியம், மூடியைத் திரும்ப இறுக்குவது. மூடி சரியாக உட்காரவில்லை என்றால், புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் நேரே எஞ்சின் அறைக்குள் ஏறிப் போட்டையே மூழ்கடித்துவிடும். மூடியதும் கியரில் கொஞ்சம் முடுக்கி, ஓரத்தில் ஈரம் கசிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

குளிர்காலத்தில் மழை போட்டுக்கு உள்ளேயே பெய்யும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், இரண்டு பேர் மூச்சு, ஒரு கெட்டில், காயாத ஜட்டி, இவை போதும். காலையில் ஜன்னல் சட்டத்திலிருந்து தலையணையில் சொட்டும். குளிருகிறதே என்று கூரையிலுள்ள காளான் மூடிக் காற்றுத்துளைகளைத் துணி வைத்து அடைக்கும் புத்திசாலிகள் உண்டு. உள்ளே கரி அடுப்பு எரிகிறது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அலாரம் கட்டாயம், துளைகளும் திறந்தே இருக்க வேண்டும்.

கால்வாய் உறைந்தால் போட்டை எடுக்காதீர்கள். மெல்லிய பனித்தகடுகூட நீர்மட்டத்தில் பூசிய தாரைச் சுரண்டிவிடும், பக்கத்திலுள்ள ஃபைபர் போட்டையும் கீறும். ஆனால் கழிவுத் தொட்டியைக் கழற்றி எடுத்துப் போகும் கேசட் கழிவறை இதற்கெல்லாம் காத்திருக்காது. இருபது லிட்டர் கொள்ளளவு, இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள்தான். அதற்குமேல் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கரையோரப் பாதையில் எல்சான் எனப்படும் கழிவு கொட்டும் இடம்வரை நடக்க வேண்டியதுதான். எதிரே வருகிறவருக்கு "குட் மார்னிங்" சொல்வது அந்தப் பக்கத்து மரியாதை. வண்டியைப் பார்த்ததும் யாரும் நின்று பேச மாட்டார்கள்.