நாணயத்திலிருந்து கார்த்திகை மழை வரை: ஆர் மொழியில் எழுமாற்று நிகழ்ச்சிகள்

யாழ்ப்பாணத்தில் பத்தாம், பதினோராம் தரங்களுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். கோடாத நாணயத்தில் தலை விழும் நிகழ்தகவு ½ என்று பிள்ளைகள் யோசிக்காமலே எழுதிவிடுவார்கள். அந்த அரை எங்கே இருக்கிறது, எத்தனை தரம் சுண்டினால் கண்ணுக்குத் தெரியும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அதைத் திரையில் காட்ட வேண்டும் என்றுதான் ஆர் (R) என்ற கணினி மொழியைப் படிக்கத் தொடங்கினேன். அதற்கு முன் புரோகிராமிங் தெரியாது. என்னைப் போல ஆரம்பிக்கும் ஒருவருக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஆர், நியூசிலாந்தின் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகாவும் ரொபர்ட் ஜென்டில்மனும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி. புள்ளிவிபரவியலுக்கென்றே பிறந்தது. காசு கட்டத் தேவையில்லை, ஒருதரம் இறக்கிவிட்டால் இணையமும் தேவையில்லை. வகுப்பறையில் இது பெரிய ஆறுதல்.

முதலில் பழக வேண்டிய கட்டளை ‘சாம்பிள்’. அதற்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன, எத்தனை தரம் எடுக்க வேண்டும், எடுத்ததைத் திரும்பப் போட வேண்டுமா. மூன்றாவதுதான் முக்கியம். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆர் திரும்பப் போடாது. தலை, பூ என்று இரண்டே இருக்கும் பெட்டியிலிருந்து நூறு எடுக்கச் சொன்னால் முடியாது என்று மறுத்துவிடும். பாடத்தில் ‘பிரதிவைப்புடன்’ என்று ஒரு சொல்லில் கடந்துபோகும் விஷயத்தை, இங்கே நாமே தீர்மானித்து எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அது நன்றாகப் பதிந்தது.

அப்புறம் வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பகுதியினர் உண்மையாகவே நாணயத்தை நூறு தரம் சுண்டி எழுதினார்கள். மற்றவர்கள் சுண்டாமல், சுண்டியதுபோல மனதால் நூறு எழுதினார்கள். தாள்களைக் கலந்து தரச் சொல்லி, எது உண்மை, எது கற்பனை என்று பிரிக்கப் பார்த்தேன். ஒரே பக்கம் தொடர்ந்து எத்தனை தரம் வந்திருக்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் பிடித்துவிடலாம். மனதால் எழுதியவர்கள் தலை நாலு தரம் வந்ததும் பயந்து பூவுக்கு மாறிவிடுகிறார்கள். நாணயத்துக்கு அந்தப் பயம் கிடையாது.

தொடர்களை எண்ணுவதற்கு ஆரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது: ‘ஆர்எல்ஈ’. அது வரிசையைப் பார்த்து தலை 3, பூ 1, தலை 6 என்று நீளங்களைச் சொல்லும். அதில் மிகப் பெரியதை எடுத்தால் அந்த நூறு சுண்டலின் மிக நீண்ட தொடர் கிடைக்கும். இதையே ‘ரெப்ளிகேட்’ என்ற கட்டளைக்குள் வைத்து 10,000 தரம் செய்யச் சொன்னேன். எங்கள் பழைய மடிக்கணினியிலும் அதிக நேரம் எடுக்கவில்லை. விடைகளைச் சலாகை வரைபாக்கியபோது மிக உயரமான சலாகை 6-இல் நின்றது. நூறு சுண்டலில் ஆறோ அதற்கு மேலோ ஒரே பக்கம் தொடர்ந்து விழுவது நூற்றுக்கு ஏறத்தாழ 80 தரம் நடக்கும். நாலுக்குள் அடங்குவது நூற்றுக்கு மூன்று தரம்தான். மனதால் எழுதிய தாள்கள் எல்லாம் அந்தக் குட்டைச் சலாகைகளுக்குள் நின்றன. அந்த வரைபுக்கு முன்னால் பிள்ளைகள் நின்ற நேரத்தை நான் மறக்கமாட்டேன்.

அன்றுதான் ஒரு பிள்ளை கேட்டாள்: “ரீச்சர், ஏழு தரம் தலை வந்திட்டுது எண்டால் இனிப் பூதானே கூட விழவேணும்? இல்லாட்டி எப்பிடி அரைக்கு வரும்?”

இதற்கு வாயால் விளக்கம் சொல்லி நான் பலமுறை களைத்திருக்கிறேன். இந்தத் தடவை வரைபு பதில் சொன்னது. தலையை 1, பூவை 0 என்று வைத்து, ‘கம்சம்’ கட்டளையால் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு இடத்திலும் அதுவரை சுண்டிய எண்ணிக்கையால் வகுத்தால் தலையின் விகிதம் வரும். அதைக் கோடாக வரைந்து, 0.5-இல் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். தொடக்கத்தில் கோடு ஏறி விழுந்து அலையும், போகப்போக நடுக்கோட்டை ஒட்டிவிடும். சரி, அடுத்ததாகத் தலைகளின் எண்ணிக்கை பாதியிலிருந்து எத்தனை விலகியிருக்கிறது என்பதையும் பக்கத்தில் வரையுங்கள். அது சுருங்காது. 100 சுண்டலில் வழமையான விலகல் 5 அளவில் இருக்கும், 10,000 சுண்டலில் 50 அளவில் இருக்கும். விலகல் கூடுகிறது, ஆனால் அதை வகுக்கும் எண் இன்னும் வேகமாகக் கூடுகிறது. நாணயம் எதையும் ஈடுசெய்வதில்லை. இரண்டு வரைபையும் ஒரே திரையில் பார்த்த பிறகு அந்தக் கேள்வி திரும்ப வரவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டென்மார்க்கில் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஜோன் கெரிச் என்ற கணிதவியலாளர் உண்மையான நாணயத்தை 10,000 தரம் சுண்டி எழுதிவைத்தார். 5,067 தலை. பாதியிலிருந்து 67 விலகல். நம் வரைபோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது.

எல்லோருடைய திரையிலும் ஒரே விடை வர வேண்டுமென்றால் ‘செட் சீட்’ என்ற கட்டளையால் ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். அப்படியானால் இது எழுமாறா என்று பிள்ளைகள் உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. உள்ளே இருப்பது 1997-இல் மட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற இரு ஜப்பானியர் வகுத்த மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்கு முறை. அதன் வரிசை மீண்டும் முதலிலிருந்து வருவதற்கு 2-இன் 19937-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த அளவு எண்கள் கடக்க வேண்டும். கணக்குத்தான், ஆனால் வகுப்பறைப் பரிசோதனைக்குத் தாராளம்.

வரைபில் தமிழில் பெயர் எழுத விரும்புகிறவர்களுக்கு ஒன்று. விண்டோஸில் பழைய பதிப்புகள் தமிழைச் சிதைத்துவிடும். 2022-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து நிலைமை நல்லது. அப்போதும் ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பு இடம்மாறி நின்றால் ‘ராக்’ (ragg) என்ற துணைப் பொதியால் படத்தைச் சேமியுங்கள். தலைப்பு தமிழில் சரியாக விழுந்த முதல் வரைபை அச்சிட்டு வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நம் பிள்ளைகள் வரையும் வரைபு நம் மொழியில் இருப்பது எனக்கு முக்கியம்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி மழை. கார்த்திகையின் 30 நாளுக்கு 30 சிறு கட்டம், மழை நாள் நீலம், மற்றது வெள்ளை. முதலில் ஒவ்வொரு நாளுக்கும் நாணயம் சுண்டினோம். சராசரியாக 15 மழை நாள். கமக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு, எங்கள் மழை இப்படி விட்டுவிட்டுப் பெய்யாது, பிடித்தால் பிடித்ததுதான், அதனால்தான் வெங்காயம் அழுகுகிறது என்றான். அவன் சொன்னதை அப்படியே கட்டளையாக்கினோம். நேற்று மழை என்றால் இன்றும் மழை வர 0.7, நேற்று வெயில் என்றால் 0.3. இவை நாங்கள் வைத்துப் பார்த்த எண்கள், அளந்தவை அல்ல. நேற்றைய நாளைப் பார்க்க வேண்டியிருப்பதால் ஒரே வேலையை நாளுக்கு நாள் திரும்பச் செய்யும் ஒரு ‘ஃபோர்’ சுற்று எழுத வேண்டும், அவ்வளவுதான். சராசரி அதே 15 நாள். ஆனால் நீலம் திட்டுத்திட்டாகச் சேர்ந்துவிட்டது. நாணய மழையில் ஒரு தொடர் சராசரியாக 2 நாள், இதில் மூன்றுக்குக் கொஞ்சம் மேல்.

அடுத்த தவணைக்கு, தோட்டத்துக் கொப்பியில் மழை நாளைக் குறித்துவைக்கும் வீடுகளிலிருந்து பதிவுகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அவற்றிலிருந்து இந்த இரண்டு எண்களையும் பிள்ளைகளே கணிப்பார்கள். அதுவரை நீங்கள் 0.8, 0.2 என்று மாற்றி ஓடவிட்டுப் பாருங்கள். மழை நாட்களின் சராசரி அப்போதும் 15-ஐ விட்டு நகராது. நீண்ட காலத்துக்கு ஓடவிட்டால் ஒரு மழைத் தொடர் மட்டும் சராசரியாக 5 நாளாகிவிடும்.