முட்டை இல்லை, சிப்பி!

அரியலூரில் 400 ரூபாய் பேசி ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர், புதைபடிவம் தேடிக் கல்லங்குறிச்சி போய்த் திரும்பியதும் 600 கேட்டார். காத்திருந்ததற்குக் கூலியாம். அது போதாதென்று, நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கல்லை ‘டைனோசர் முட்டை’ என்று வேறு அடித்துச் சொன்னார்! இந்தப் பக்கத்தில் முட்டைக் கதைக்குச் சாவே கிடையாது போலிருக்கிறது. 2020இல் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைகளையும் அப்படித்தான் பரப்பினார்கள். புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட்டுகளை (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரிகள்) சுற்றி இறுகிய கடல் படிவம் என்று முடித்துவைத்தார்கள்.

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. இதைத்தான் சிமெண்டுக்காக வெட்டுகிறார்கள். அனுமதி இல்லாமல் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள்; விடவும் கூடாது. சாலையோரச் சல்லியிலேயே கண் நிறையப் பார்க்கலாம், டிக்கெட் இல்லாமல்.

நான் பார்த்தது உள்ளங்கை அகலச் சிப்பி. ஓட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதியும் ஒத்துப்போனால் அது பெரும்பாலும் பிராக்கியோபாடு, சிப்பி போலவே இரட்டை ஓடுள்ள வேறொரு கடல் உயிரி. இதில் ஒத்துப்போகவில்லை, ஆகவே இருவோட்டுச் சிப்பியினம். அதிலும் ஒரு ஓடு தடித்து, குழிந்து, நுனி உள்பக்கம் சுருண்டிருந்தது. மற்றது மூடி போலத் தட்டை. மட்டி வகைகளில் இரண்டு ஓடும் ஒரே அளவில் இருக்கும். இப்படி ஏறுமாறாக இருப்பது ஆளிச் சிப்பியின் குணம். சுருண்ட நுனியோ கிரைஃபியா என்ற அழிந்துபோன ஆளி வகையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

பக்கத்திலேயே தடித்த ஓட்டுத் துண்டுகளும் கிடந்தன. உடைந்த விளிம்பில் மேற்பரப்புக்குச் செங்குத்தாக நார்நாராகப் படிகங்கள் தெரிந்தால் அது இனோசெராமஸ், அழிந்துபோன இன்னொரு இருவோட்டுச் சிப்பி. லென்ஸ் இல்லாமல் போகவே போகாதீர்கள். கிரைஃபியா, இனோசெராமஸ் இரண்டின் ஓடுகளும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனவை என்பதால் தப்பித்தன. அதே பொருளின் இன்னொரு படிக வடிவமான அரகோனைட்டால் ஆன ஓடுகள் எளிதில் கரைந்துவிடும், பல உயிரிகளுக்கு அச்சு மட்டுமே மிஞ்சும்.

ஒப்பிட்டுப் பார்க்கப் படங்களுக்கும் குறைவில்லை: இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஸ்டோலிச்கா 1870–71இலேயே தென்னிந்தியாவின் கிரெட்டேசிய (டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டம்) சிப்பிகளைப் படங்களோடு விவரித்துவிட்டார். நேரில் ஒப்பிட வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. வயல்வெளிக்கு முன் அங்கே போவதே நல்லது.

கல்லின் மேல் வினிகர் ஊற்றிச் சோதிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். சிப்பியும் நுரைக்கும், சுற்றியுள்ள கல்லும் நுரைக்கும். அடையாளம் தெரியாது, ஓட்டின் வளர்ச்சி வரிகள்தான் அழியும்.