சித்தப்பாவின் 99உம் என் பலகையும்

முதல் ஸ்நோ கொட்டிய அன்று இரவே சித்தப்பாவின் அழைப்பு வந்துவிடும். "இதெல்லாம் ஒரு ஸ்நோவோ தம்பி? 99இல கொட்டினதெல்லோ ஸ்நோ." எத்தனையோ வருடமாக இதே வசனம்தான், இதைச் சொல்லாமல் அவருக்கு விண்டர் தொடங்காது. நானும் அந்த 99ஐப் பார்த்தவன்தான். இலங்கையிலிருந்து வந்து நாலே மாதம், கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோ பக்கம் ஒரு பேஸ்மென்டில் ஏழு பேர். ஒருநாள் காலை எழும்பினால் யன்னல் முழுக்க வெள்ளையாக அடைத்துக்கிடந்தது, விடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

சரி, அந்த வருடம் நடந்ததைப் பார்ப்போம். 1999 தை மாதம் (ஜனவரியை எங்கள் ஆட்கள் தை என்றுதான் சொல்வார்கள்) இரண்டு கிழமைக்குள் ரொறொன்ரோவில் ஏறத்தாழ 118 செ.மீ. கொட்டியது. நகரின் நடுப்பகுதியில் ஒரு முழு விண்டருக்கே சராசரி 120 செ.மீ. அளவுதான். ஆறு மாதச் சாப்பாட்டை இரண்டு கிழமையில் போட்டால் யாருக்குத்தான் செரிக்கும்? அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மன் ஸ்நோ அள்ள ராணுவத்தைக் கூப்பிட்டார், மற்ற மாகாணக்காரர் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆக 99 என்பது 'அந்தக் காலத்து விண்டர்' இல்லை, அந்தக் காலத்திலேயே அது ஒரு அதிசயம். அதற்கு முந்தைய விண்டர் எல் நினோவால் (பசிபிக் கடல் வழமையைவிடச் சூடாவது) மிதமாகவே போனது. ஆனால் அதே 1998 தையில் ஒட்டாவா, மொன்றியல் பக்கம் விழுந்த இடத்திலேயே உறையும் மழை நாள்கணக்கில் பெய்து மின்கம்பங்களை முறித்துப் போட்டது, அதைச் சித்தப்பா கணக்கில் எடுப்பதில்லை. அது ஸ்நோ இல்லையாம்.

இந்தச் சண்டைக்காகத்தான் பின்வளவில் ஸ்நோ அளக்க ஒரு பலகை வைத்தேன். வெள்ளை பெயின்ட் அடித்த ஒட்டுப்பலகை, அளக்க அடிமட்டம், அவ்வளவுதான். அளந்ததும் வழித்துத் துப்பரவாக்க வேண்டும், இல்லாவிட்டால் கிடக்கிறது தன் பாரத்திலேயே அமுங்கி அடுத்த அளவைக் கெடுத்துவிடும். வேலியோரம் வைத்தால் காற்று குவித்துத் தரும் பொய்க் கணக்குதான் கிடைக்கும் (முதல் வருடம் நான் அப்படித்தான் ஏமாந்தேன்). கொப்பியில் முதலில் 'விழுந்தது' என்று ஒரே பத்திதான் இருந்தது. அப்புறம் பக்கத்தில் 'கிடந்தது' என்று இன்னொன்று போட்டேன், புல்லு தெரியாமல் இருந்த நாட்களை எண்ணுவதற்கு.

என் கண்ணில் பட்ட மாற்றம் அந்த இரண்டாவது பத்தியில்தான். 2015 மாசி முழுக்கக் குளிர் விடவே இல்லை, புல்லைக் காணவே இல்லை. 2024 மாசியில் புல்லின் மேல் நின்றுதான் கொப்பி எழுதினேன். இப்போதெல்லாம் விழும், மூன்றாம் நாள் மழை வந்து கரைக்கும், அன்றிரவே குளிர் இறுகி வாசல்படி கண்ணாடியாகிவிடும். அதற்காக ஸ்நோ செத்துப்போச்சு என்றும் சொல்ல மாட்டேன், 2025 மாசியில் ஒரு கிழமைக்குள் இரண்டு புயல், 50 செ.மீ.க்கு மேல், என் நாரி (இடுப்பு) ஒரு மாதம் நிமிரவில்லை.

ஏரிகளும் இதே கதைதான். 2014இல் கனடா-அமெரிக்க எல்லைப் பக்கத்து ஐந்து பேரேரிகளின் பரப்பில் 92 வீதம் வரை உறைந்தது, 2012இல் 13 வீதம்தான். உறையாத ஏரி என்றால் ஸ்நோ குறையும் என்று நினைப்பது பிழை. வெதுவெதுப்பான தண்ணீருக்கு மேலாகக் குளிர்காற்று ஓடும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டுபோய்க் கரையில் கொட்டும். 2022 நவம்பரில் ஏரி ஈரி பக்கம் பஃபலோவின் தெற்குப் புறநகர்களில் 2 மீட்டர் கொட்டியது அப்படித்தான். அதே விண்டரில் ஒட்டாவாவின் ரிடோ கால்வாயில், 30 செ.மீ. தடிப்புக்குப் பனிக்கட்டி உறையாததால், சறுக்குத்தளம் ஒருநாள்கூடத் திறக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்ததிலிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல்முறை.

போன தடவை அழைத்தபோது இதையெல்லாம் சொல்லி, 99இல் அது எத்தனை நாள் கிடந்தது என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "பங்குனி முடியுமட்டும் கிடந்தது" என்றார். சித்தி பின்னாலிருந்து "விசர்க்கதை, மாசியிலயே கரைஞ்சு பேஸ்மென்டுக்க தண்ணி வந்தது" என்றார். இரண்டு பேரும் என்னையே கேட்டார்கள். அந்த வருடத்துக்கு என்னிடம் கொப்பி இல்லை.