கடைவாய்ப் பல்லும் சதுர மரையும்

கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லை எடுத்தபிறகு ஒரு வருடம் இடப்பக்கமாகவே மென்றேன். அப்புறம்தான் இம்பிளாண்ட் வைக்கத் துணிந்தேன்: தாடை எலும்புக்குள் ஒரு டைட்டானியத் திருகை இறக்கி, அதன்மேல் செயற்கைப் பல் பொருத்துவது. முதலில் போன இடத்தில் விலையை மட்டும் சொன்னார்கள். திருகின் வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மொரீஷியஸில் சர்க்கரை ஆலைப் பட்டறையில் 28 வருடம் லேத் ஓட்டியவனுக்கு அது போதவில்லை.

ரோஸ் ஹில்லில் இன்னொரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் ஸ்கேனைத் திரையில் போட்டு அளந்தார். எலும்பு மேட்டிலிருந்து நரம்பு வரை 12 மில்லிமீட்டர். நரம்புக்கு மேல் 2 மில்லிமீட்டராவது விட வேண்டும். ஆக, திருகின் நீளம் 10தான். "இவ்வளவு குட்டையாகவா?" என்று பதறிவிட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். கடிக்கும் பளு அடிவரை சமமாக இறங்குவதில்லை. திருகின் கழுத்தைச் சுற்றியுள்ள கெட்டி எலும்பில்தான் குவிகிறது. அந்த இடத்தில் பளுவைக் குறைப்பதற்கு நீளத்தைவிட விட்டம்தான் அதிகம் உதவும். என் எலும்பின் அகலம் 8 மில்லிமீட்டர். இருபக்கமும் ஒன்றரை விட்டால் 5 மில்லிமீட்டர் விட்டத்தில் வைக்கலாம். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு நார் உண்டு. டைட்டானியமோ எலும்போடு நேரே ஒட்டிவிடும், அதனால் வருகிற பளு முழுவதும் எலும்புக்கே.

மாதிரித் திருகைக் கையில் கொடுத்தார். அதைச் சுற்றி ஓடும் மரையின் வெட்டு ஏறக்குறைய சதுரம். ஜாக்கியிலும் வைஸிலும் சதுர மரை வைப்பது ஏன் என்று எனக்குத் தெரியும்: பளுவை நேராக வாங்கும். எலும்பும் அப்படித்தானாம். அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் அவ்வளவு தாங்காது, சறுக்கி அறுக்கும் விசைக்கு எல்லாவற்றையும்விட எளிதில் விட்டுக்கொடுக்கும். வி வடிவ மரையின் சாய்வு அந்த அறுக்கும் விசையைக் கூட்டுகிறது. இத்தனை வருடம் இரும்பில் பார்த்ததை என் தாடையிலேயே பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. மேல்தாடையின் பின்பக்க எலும்பு மென்மையானது, அங்கே நுனி குறுகிய கூம்பு வடிவம் முதல் பிடிப்புக்கு நல்லது என்றும் சொன்னார். அக்காவுக்கு அங்கேதான் வைக்கப் போகிறார்கள், அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

திருகு வைத்த அன்று பெரிய வலி இல்லை. எலும்பு ஒட்டுவதற்கு மூன்று மாதம் காத்திருந்ததுதான் சிரமம். நடுவில் தைப்பூசம் வந்தது. 10 நாள் விரதம் இருந்தேன். கன்னத்தில் அலகு மட்டும் வேண்டாம் என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். 19 வருடம் விடாமல் குத்தியவன் நான், மனசு கேட்கவில்லை. ஆனாலும் காவடியை மட்டும் தோளில் ஏற்றிக்கொண்டு போய், ஏழு கறிச் சோற்றை இடப்பக்கமே மென்று சாப்பிட்டேன்.

பிறகு திருகின்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்தினார்கள். மை தடவிய தாளைக் கடிக்கச் சொல்லி, பக்கவாட்டில் இடிக்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து, கடி நேராக விழும்படி செய்தார். அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு வருடம் கழித்து திருகின் கழுத்தருகே எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தேதி வாங்கிவிட்டேன்.