‘உன்னை ஏமாற்றியது யார்?’

செர்பிய மொழியை நான் கற்றுக்கொண்டிருந்த நாள்களில், நோவி சாட் நகரில் தங்கியிருந்த வீட்டின் அம்மையாரிடம், பேருந்து நேரத்தைத் தவறாக நினைத்துக்கொண்டேன் என்று சொல்ல எண்ணி, ‘பிரெவரேன் சாம்’ என்று சொல்லிவிட்டேன். ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ‘கோ தே யே பிரெவரியோ?’ என்று பதறிக் கேட்டார். உன்னை ஏமாற்றியது யார் என்பது அதன் பொருள்.

நான் சொல்லியிருக்க வேண்டியது ‘பிரெவரியோ சாம் சே’. ‘பிரெவரித்தி’ என்றால் ஏமாற்றுதல்; தன்னையே சுட்டும் ‘சே’ என்ற சிறு சொல் அதனோடு சேரும்போது, அது தவறாக எண்ணிவிடுதல் என்று பொருள்படுகிறது. பிறர் வஞ்சித்தாலும் நாமே கவனம் தவறினாலும் தமிழில் ‘ஏமாந்துபோனேன்’ என்று சொல்லிவிடலாம் என்பதால்தான் எனக்கு அந்தத் தடுமாற்றம் வந்தது.

ஏமாற்றுதலுக்கு அங்கே வினைகள் இணையாக வரும். ‘வாரத்தி’ தொடர்ந்தோ பலமுறையோ ஏமாற்றுவதைக் குறிக்கும். ‘பிரெவரித்தி’ செயல் முடிந்துவிட்டதைக் குறிக்கும். நம் ‘ஏமாற்றிக்கொண்டிருக்கிறான்’, ‘ஏமாற்றிவிட்டான்’ என்ற வேறுபாட்டுக்கு இது மிக நெருக்கமானது. நாம் துணைவினையால் காட்டுவதை அவர்கள் வேறொரு வினையாலேயே காட்டுகிறார்கள். நிகழ்காலத்தில் முதல் வினை வாராம், வாராஷ், வாரா, வாராமோ, வாராத்தே, வாராயு என்று நடக்கும். இரண்டாவது பிரெவரிம், பிரெவரிஷ், பிரெவரி, பிரெவரிமோ, பிரெவரித்தே, பிரெவரே என்று நடக்கும். ஆனால், இப்போது என்னை ஏமாற்றுகிறான் என்று சொல்ல ‘வாரா மே’தான் பொருந்தும், முடிவைக் காட்டும் வினையின் நிகழ்கால வடிவம் பெரும்பாலும் ‘ஏமாற்றினால்’ போன்ற சார்பு வாக்கியங்களிலேயே இடம்பெறும்.

இறந்தகாலத்தில் தன்மையிலும் பால் வேறுபாடு உண்டு: ஆண் ‘பிரெவரியோ சாம்’ என்பான், பெண் ‘பிரெவரிலா சாம்’ என்பாள். ‘ஏமாற்றினேன்’ என்று இருபாலாரும் சொல்லிப் பழகிய நமக்கு இது எளிதில் நாவில் படியாது. எதிர்காலத்தில் ‘ஏமாற்றுவேன்’ என்று பொருள்படும் ‘பிரெவரிச்சு’வை, ஏறக்குறைய இதே மொழியைப் பேசும் குரோவாசியர்கள் இரண்டு சொல்லாகப் பிரித்தெழுதுகிறார்கள்; செர்பியர்கள் ஒரே சொல்லாக எழுதுகிறார்கள், உச்சரிப்பு ஒன்றுதான்.

இந்தக் குடும்பத்தில் என்னை மிகவும் கவர்ந்தது ‘ஸவாரத்தி’. திசைதிருப்பி ஏய்த்தல் என்பது அதன் பொருள். ஓர் உயிரெழுத்து மாறி ‘ஸவாரித்தி’ ஆனால், இரும்பைப் பற்றவைத்தல் என்றாகிவிடும். ஆகவே ‘ஸவாரான்’ என்றால் ஏய்க்கப்பட்டவன், ‘ஸவாரேன்’ என்றால் பற்றவைக்கப்பட்டது. பட்டறைக்காரரிடம் பேசும்போது அந்த ஒற்றை உயிரில் கவனம் வேண்டும்.

நம்முடைய ‘ஏமாற்றம்’ மனச்சோர்வையும் குறிப்பதுபோல அவர்களுடைய ‘பிரெவரா’ குறிப்பதில்லை. அது வஞ்சகம் மட்டுமே. மனச்சோர்வுக்கு ‘ரஸொச்சாரானியே’ என்று, மயக்கம் கலைந்துபோவதிலிருந்து பிறந்த வேறு சொல் இருக்கிறது.

அன்று நான் திருத்திச் சொன்னதும், அம்மையார் மீண்டும் கத்தியை எடுத்துக்கொண்டு, பெல்கிரேடு பேருந்து காலையிலேயே புறப்பட்டுவிடும் என்றார். அதற்கு முன்னால், ‘ஆகோ சே நே வாராம்’, நான் தவறாக எண்ணவில்லையென்றால், என்றும் சேர்த்துக்கொண்டார்.